பொங்கலுக்குக் குன்னூரா, கோத்தகிரியா, ஊட்டியா? முட்டிவலி அம்மாவோடு தங்க ஒரு வீடு வேண்டும்

பெரம்பூர்க்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறையில் மூன்று இரவு நீலகிரியில் தங்கப் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது. வலது முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால்தான் முகம் மாறும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் போகவர டிக்கெட் உறுதியாகிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி டாக்ஸியில் மேலே போவதாகத் திட்டம். மலை ரயிலில் காத்திருப்புப் பட்டியல் 11-ல் நிற்கிறது. மகன் தினமும் அதைக் கேட்டு என் உயிரை வாங்குகிறான்.

ஹோட்டல் வேண்டாம் என்று முடிவு செய்ததே அம்மாவால்தான். ஹோட்டல் அறையில் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீடு என்றால் சமையலறைப் பக்கம் போய் "என்ன பருப்பு இது?" என்று ஆரம்பித்துவிடுவார், அவருக்குப் பொழுது போய்விடும். அதனால் தங்குவதற்கும் காலைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் வீடுகளாகத் தேடி மூன்றைக் கடைசியாக வைத்திருக்கிறேன்.

ஒன்று கோத்தகிரியில், அரவேணு தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில். படங்களைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். இரவுக்கு 4,800. இரண்டாவது ஊட்டியில், தொட்டபெட்டா பக்கம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, கட்டிலில் படுத்தபடியே மலை பார்க்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். 6,200. காலைச் சாப்பாடு 'சொன்னால் ஏற்பாடு செய்யப்படும்'. மூன்றாவது குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு மேலே ஒரு பழைய ஓட்டு வீடு. 3,500. வயதான தம்பதி அங்கேயே குடியிருக்கிறார்களாம். படங்கள் ஐந்துதான், அதில் இரண்டு அவர்கள் வளர்க்கும் பூனை.

என் மனசு கோத்தகிரியில், கணவர் மனசு கண்ணாடியில். பூனை வீட்டுக்கு இதுவரை ஓட்டு இல்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு வேறொரு மலையூரில் இப்படித்தான் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டினோம். படத்தில் இருந்த பள்ளத்தாக்கு பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. வாசலுக்குப் போக 64 படி. அம்மா அப்போது முட்டி வலியோடு இருந்தார், மூன்று நாளில் இரண்டு முறைதான் கீழே இறங்கினார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?


ரயில்பைத்தியம்:

குன்னூர். யோசிக்கவே வேண்டாம்.

காரணம் உங்கள் மகன். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7:10 ரயிலில் இடம் கிடைக்காவிட்டாலும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பகலில் சில ரயில்கள் ஓடுகின்றன. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்க அதுவே போதும். குன்னூரில் தங்கினால் காலையில் ஏறிப் போய், மத்தியானம் பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பிவிடலாம். கோத்தகிரிக்கு ரயிலே கிடையாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 7:10 ரயில் கிடைத்தாலும் அம்மாவை ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். பல் சக்கரம் கடித்துக்கொண்டு 12 அடிக்கு ஓர் அடி ஏறும் வண்டி. குன்னூருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஹில்குரோவ் மாதிரி நிலையங்களில் நிற்கும்போது இறங்கிப் போய் வர வேண்டும், பெட்டியின் படியோ உயரம். இருக்கை நெருக்கம், முட்டியை நீட்ட முடியாது. 1899-ல் குன்னூர் வரை ஓட ஆரம்பித்தபோது யாரும் முட்டி அறுவை சிகிச்சையை நினைத்துப் பெட்டி செய்யவில்லை! மகனையும் கணவரையும் ரயிலில் அனுப்பிவிட்டு, நீங்களும் அம்மாவும் டாக்ஸியில் போங்கள். நீராவி எஞ்சின் குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குன்னூர் நடைமேடையில் அழுவான். என் பையன் அழுதான்.


செலவாளி:

மூவாயிரம் நாலாயிரம் கொடுத்து யாரோ வீட்டில் தங்குவதற்குச் சுற்றுலாக் கழகத்தின் தமிழ்நாடு ஹோட்டலிலேயே தங்கலாமே. ஊட்டியிலும் இருக்கிறது, குன்னூரிலும் இருக்கிறது. ரசீது கிடைக்கும், ஏமாற்று இல்லை. அடுத்தவர் வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட முடியாது.


இரண்டறைக்காரர்:

குன்னூருக்குக் கீழே ஏழு வருடம் இரண்டு அறை வைத்து வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்தவன் நான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் ஆரம்பித்தோம். 2023-ல் மகள் குழந்தையோடு வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டோம். எனக்கு இதில் இனி லாபமும் இல்லை, போட்டியும் இல்லை. அதனால் மனதில் பட்டதைச் சொல்லலாம்.

நீங்கள் மூன்று வீட்டையும் ஜன்னலிலிருந்து பார்க்கிறீர்கள். ரோட்டிலிருந்து பாருங்கள் அம்மா. மலையில் எந்த வீடும் ஒன்று ரோட்டுக்கு மேலே இருக்கும், அல்லது ரோட்டுக்குக் கீழே இருக்கும். ரோட்டுக்குச் சமமாக இருப்பது கடைகள்தான். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் வீடுகள் பெரும்பாலும் ரோட்டுக்குக் கீழே இருக்கும். வந்து இறங்குகிற அன்று சுலபம். அடுத்த நாள் காலையில் கிளம்பும்போதுதான் அத்தனையும் ஏற்றம். எங்கள் வீடே அப்படித்தான், 22 படி கீழே. போனில் யாராவது 'பெரியவங்க வர்றாங்க' என்றால் நான் முதலில் சொல்வது அந்த 22-ஐத்தான். அதனால் போன வாடிக்கையும் உண்டு. பரவாயில்லை, வந்துவிட்டு வாசலில் நின்று முகத்தைச் சுளிப்பதைவிட அது மேல்.

ஆகவே முதல் கேள்வி: கார் எங்கே நிற்கும், அங்கிருந்து கட்டில் வரை எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? 'கொஞ்சம்தான்' என்பது பதில் இல்லை. காரிலிருந்து இறங்கி அறை வரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் 'நாளைக்கு அனுப்புறேன்' என்பார்கள். அதிலேயே உங்களுக்கு இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்வி, வீட்டுக்காரர் அந்த வீட்டில் குடியிருக்கிறாரா என்பது. மத்திய சுற்றுலா அமைச்சகம் இந்த மாதிரி வீடுகளுக்குத் தரும் அங்கீகாரத்தில் அடிப்படை விதியே அதுதான். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கே வசிக்க வேண்டும், வாடகைக்கு விடுவது ஆறு அறைக்கு மேல் போகக் கூடாது. தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் உண்டு. இன்றைக்கு மலையில் ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிய பல இடங்களில் இருப்பவர் சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பையன்தான். நல்ல பையனாகவே இருப்பான். ஆனால் இரவு பத்து மணிக்கு கீசர் வேலை செய்யாவிட்டால் அவன் வெளியூரில் இருக்கும் முதலாளிக்குத்தான் போன் போடுவான். உங்கள் அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும் என்றீர்களே, அதுவும் அங்கே கிடைக்காது.

மாலை ஏழு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். காலையில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'என்ன வேணும்னாலும் பண்ணித் தரலாம் மேடம்' என்று சொன்னால் பக்கத்து ஹோட்டலிலிருந்து பொட்டலம் வரப்போகிறது என்று அர்த்தம். உண்மையிலேயே சமைப்பவர் முதலில் உங்களைத்தான் கேள்வி கேட்பார், காரம் எப்படி, வெங்காயம் சேர்ப்பீர்களா, எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று. ஜனவரியில் 'இட்லி உண்டு' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் இன்னொரு கேள்வி கேட்பேன், மாவை எங்கே வைப்பீர்கள் என்று. குன்னூர்க் குளிரில் மாவு சாமானியமாகப் புளிக்காது. என் மனைவி மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். அப்படியும் பாதி நாள் தோசைதான். பிறகு அவளே சலித்துப்போய், டிசம்பர், ஜனவரியில் ராகி தோசை, கோதுமை உப்புமா, புட்டு என்று மாற்றிவிட்டாள். ஒரு சேலத்துப் பெரியவர் மட்டும் விடாமல் நாலு நாளும் இட்லி கேட்டார். கேட்டதைக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் அவரே உப்புமா கேட்டார்.

கண்ணாடி அறை பற்றி. ஜனவரி ஊட்டியில் உறைபனிக் காலம். தலைக்குந்தா, காந்தல் மாதிரித் தாழ்ந்த இடங்களில் காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், குன்னூர் 1,850. இந்த 400 மீட்டர் வித்தியாசம் பகலில் தெரியாது, இரவு இரண்டு மணிக்குத் தெரியும். அதிலும் கண்ணாடிச் சுவர் வெயில் போனதும் அறையின் சூட்டை எல்லாம் வெளியே விட்டுவிடும். திரையை இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்க வேண்டும், அப்புறம் கண்ணாடி எதற்கு? இளசுகள் போகட்டும். அறுவை சிகிச்சை செய்த முட்டிக்கு அந்தக் குளிர் ஆகாது. ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் காசா, கரண்ட் போனால் என்ன என்று கேளுங்கள்.

காட்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனசு அங்கேதான் இருக்கிறது. மாதம் சரியான மாதம். நீலகிரியில் மழை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கம் கொட்டும். தொட்டபெட்டாத் தொடர் தடுப்பதால் எங்கள் பக்கம் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியை ஒரு வழி பண்ணிவிடும். மண் சரிவு, மலை ரயில் ரத்து எல்லாம் அப்போதுதான். நவம்பரில் வந்த ஒரு குடும்பத்துக்கு மூன்று நாளும் மூடுபனியில் எங்கள் வீட்டு வாசல் கேட் கூடத் தெரியவில்லை, உட்கார்ந்து கேரம் ஆடிவிட்டுப் போனார்கள். பொங்கல் வாக்கில் மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். காலை ஏழிலிருந்து பத்து வரை பாருங்கள். அதற்குப் பிறகு சமவெளிப் பக்கம் மங்கலாகிவிடும்.

ஜன்னல் எந்தத் திசை, அறைக்குள்ளே நின்றபடி மத்தியானம் எடுத்த ஒரு படம். இது இரண்டும் போதும். தோட்டத்திலிருந்தோ மாடியிலிருந்தோ எடுத்த படம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி அப்போதே தெரிந்துவிடும்.

குளியலறை. இதை வெட்கப்படாமல் கேளுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையா, உள்ளே இறங்கும் இடத்தில் படி உண்டா, கீசர் எத்தனை லிட்டர்? 15 லிட்டர் கீசரில் நாலு பேர் வரிசையாகக் குளிக்க முடியாது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் காத்திருக்க வேண்டும்.

செலவாளி சொன்னதில் தப்பில்லை. அடுத்தவர் வீட்டில் இருக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஹோட்டல்தான் சரி. எங்களுக்கும் இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்பீக்கர் போட்டு ஆடியவர்களும் வந்திருக்கிறார்கள், கேம்ப் ஃபயர் கேட்டு வருத்தப்பட்டவர்களும் வந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் நானே அவர்களை ஹோட்டலுக்கு அனுப்பியிருப்பேன்.


கட்டபெட்டுப் பொண்ணு:

இரண்டறைக்காரர் ஐயா சொன்ன எல்லாமே சரி, ஆனால் குன்னூர்க்காரர் குன்னூரைத்தான் சொல்வார் :)

நான் கோத்தகிரிப் பக்கம், படுகர் வீட்டுப் பெண். வேலை கோவையில், வாரக் கடைசியில் ஊருக்கு வருவேன். அக்கா, குன்னூரில் பொங்கல் சமயத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழலாம். ஹாரன் சத்தம் சிம்ஸ் பூங்கா வரை கேட்கும். எங்கள் பக்கம் அமைதி. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வரும் ரோடும் குன்னூர் ரோட்டைவிட வயிற்றைக் குறைவாகக் கலக்கும். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் இதையும் கணக்கில் எடுங்கள்.

கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறு பள்ளத்தாக்கு, கீழே தெங்குமரஹாடா கிராமம், எதிரே ரங்கசாமி மலை, அந்தத் தூண் பாறை எல்லாம் தெரியும். கார் கிட்டத்தட்ட முனை வரை போகும். கன்னேரிமுக்கில் அந்தக் காலத்துக் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களா இருக்கிறது. ஊட்டி ஊட்டி என்கிறார்களே, அந்தக் கலெக்டர் முதலில் வீடு கட்டியது எங்கள் பக்கம்தான். இதை எங்கே போனாலும் சொல்லிவிடுவேன்.

ஆனால் அந்தத் தோட்ட வீடு பற்றி இரண்டு சந்தேகம். அரவேணு தாண்டி என்றால் மெயின் ரோட்டிலா, இல்லை தோட்டத்து மண் ரோட்டிலா? மண் ரோடு என்றால் டாக்ஸிக்காரர் திருப்பத்திலேயே இறக்கிவிட்டு 'ஜீப் வரச் சொல்லுங்க' என்பார். ஜீப்புக்கு ஒவ்வொரு முறையும் தனிக் காசு. இரண்டாவது, இருட்டியபின் வெளியே நடக்க முடியாது. காட்டு மாடு தேயிலைக்குள்ளே நிற்பது பக்கத்தில் போகும் வரை தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் கரடியும் சாதாரணமாக வரும், பேக்கரிக் கதவைத் தள்ளிப் பார்க்கும். பயமுறுத்தவில்லை, நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் இரவில் அம்மாவுக்கு ஒரு மாத்திரை வேண்டுமென்றால் நடந்து போய் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். சுகர் மாத்திரை, முட்டித் தைலம் எல்லாம் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரர் படுகர் என்றால் அவரைக்குழம்பும் ராகிக் களியும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எண்ணெ ஹிட்டு என்று ஒரு இனிப்புப் பலகாரம் உண்டு, எண்ணெயில் பொரித்தது. மகனுக்குப் பிடிக்கும். விலைப்பட்டியலில் இருக்காது, கேட்டால்தான் வரும்.

அப்புறம் தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எங்கள் மாவட்டத்தில் தடை. சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். இ-பாஸ் (வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதி) பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகளுக்கு வேண்டும், இலவசம்தான். டிஎன் 43 எண் உள்ள நீலகிரி டாக்ஸி என்றால் அந்தக் கவலையே இல்லை.


பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஏழரைக்கு உட்கார்ந்து மூன்று பேருக்கும் போன் போட்டேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். வங்கிப் பரீட்சை மாதிரி இருந்தது.

ஊட்டிக் கண்ணாடி வீட்டில் ஒரு பெண் எடுத்தார், குரல் இனிமை. ஹீட்டர் இரவுக்கு 500 தனி. காலைச் சாப்பாடு 'பக்கத்துல நல்ல ரெஸ்டாரண்ட் இருக்கு மேடம், லிஸ்ட் அனுப்புறேன்.' உள்ளிருந்து எடுத்த படம் கேட்டதும் பழைய படத்தையே மறுபடி அனுப்பினார். கணவர் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டார், எனக்கு ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கோத்தகிரியில் ஒரு தம்பி எடுத்தான். முதலாளி பெங்களூரில். படி எவ்வளவு என்றேன், 'கொஞ்சம்தான்க்கா' என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாவம், கேட்ட பத்து நிமிடத்தில் வீடியோ அனுப்பினான். டார்ச் அடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்தபடி. நான் எண்ணினேன், 41 படி, கம்பி கிடையாது. ஜீப்பும் உண்டாம். அந்த இருட்டிலும் தூரத்தில் சமவெளி விளக்குகள் கொட்டிக் கிடந்தது தெரிந்தது. மனசு கொஞ்சம் வலித்தது.

குன்னூரில் அந்த அம்மாவே எடுத்தார். நான் கேட்பதற்குள் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். எந்த முட்டி, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியுமா, இரவில் எத்தனை முறை எழுவார்! ரோட்டிலிருந்து வாசலுக்கு ஆறு படி, ஒரு பக்கம் கம்பி. இரண்டு அறை. மாடி அறையிலிருந்து மலை தெரியும், ஆனால் வீட்டுக்குள்ளேயே 14 மரப்படி ஏற வேண்டும், குறுகல். கீழ் அறைக்குப் படியே இல்லை, ஆனால் ஜன்னலைத் திறந்தால் தோட்டமும் பக்கத்து வீட்டு வேலியும்தான். "பாத்ரூம் ஜன்னல்ல மட்டும் ஒரு மூலையில மலை தெரியும்மா, பொய் சொல்லக் கூடாது" என்றார். இட்லி மாவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அரை நிமிடம் சத்தமே இல்லை. "யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?" என்று கேட்டார்.

வீடு முடிவாகிவிட்டது. அறைதான் சிக்கல். அம்மாவைக் கீழ் அறையில் போட்டால் மலைக்கு வந்து வேலியைப் பார்க்க வைத்த மாதிரி ஆகிறது. மேலே வைத்தால் 14 படி.


இரண்டறைக்காரர்:

இரண்டு அறையையும் எடுங்கள். அம்மாவும் பேரனும் கீழே, நீங்கள் இருவரும் மேலே. காலையில் ஒரே ஒரு தடவை, அவசரமில்லாமல், கணவர் பின்னாலும் நீங்கள் முன்னாலுமாக மேலே கூட்டிப்போய் காபி கொடுங்கள். பத்து மணிக்கு இறக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஏற்றம் என்றால் மருத்துவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கட்ட வேண்டாம். ரோடு அடைத்தால் திருப்பித் தருவாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் இருந்தால் போதும்.


மூட்டைப்பூச்சி:

முன்பணம் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு தடவை நான் இணையத்தில் கிடைத்த எண்ணுக்கு 3,000 அனுப்பினேன், போய்ப் பார்த்தால் அந்த விலாசத்தில் வீடே இல்லை, ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. காசு அனுப்புவதற்கு முன் வீடியோ அழைப்பில் வீட்டுக்காரரையும் வாசல் கதவையும் ஒன்றாகப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதுவரை யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டீர்களா?


பெரம்பூர்க்காரி:

கேட்கவில்லை. உங்கள் பதிலைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். "எனக்கு மலை காலைல ஒரு காபி குடிக்கிற நேரம் தெரிஞ்சா போதும். ராத்திரி எந்த மலை தெரியப் போகுது? பாத்ரூம் பக்கத்துல இருக்கா, அதைச் சொல்லு" என்றார். அப்புறம், அந்த வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டார். தெரியாது என்றேன். மூன்று வீட்டையும் இத்தனை கேள்வி கேட்டாயே, இதைக் கேட்கவில்லையா என்று கோபித்துக்கொண்டார்.

இரண்டு அறையும் சொல்லிவிட்டேன்.


பெரம்பூர்க்காரி:

போய் வந்தாயிற்று. யாராவது பின்னால் இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏழு படி, ஆறு இல்லை. ஏழாவது ஒரு கல், அதை அவர்கள் படியாகவே நினைப்பதில்லை. முதல் நாள் குளிர் எங்கள் எல்லோரையும் ஒரு ஆட்டு ஆட்டியது, கம்பளி ஆளுக்கு இரண்டு தந்தார்கள், வெயிலில் காய்ந்த வாசனையோடு. பூனை மூன்று இரவும் அம்மா கட்டிலில்தான். இட்லி முதல் நாள் கல் மாதிரி இருந்தது, இரண்டாம் நாளிலிருந்து அந்த அம்மாவே ராகி தோசைக்கு மாறிவிட்டார். மூன்றாம் நாள் காலை சமையலறையில் தோசை திருப்பியது என் அம்மா. வீட்டுக்கார அம்மாவுக்கு வயது 68, விசாரித்தாகிவிட்டது.

ரயில் டிக்கெட் கடைசி வரை காத்திருப்பிலேயே நின்றது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை போனோம். டீசல் என்று முன்பே சொல்லியிருந்தும் மகன் அழுதான்.

கட்டபெட்டுத் தங்கச்சிக்கு: கோடநாடு போனோம். காலை பதினொன்றுக்குப் போனதால் மாயாறு பக்கம் வெறும் வெள்ளைப் புகைதான். எட்டு மணிக்கே போயிருக்க வேண்டும், தோசை விடவில்லை. தூண் பாறை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அம்மா காரிலிருந்து இறங்கி முனை வரை தானே நடந்தார். எண்ணெ ஹிட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. கோத்தகிரியில் மூன்று கடையில் கேட்டேன், மூன்று பேரும் 'அது வீட்டுல செய்யறதுங்க' என்றுதான் சொன்னார்கள்.


கட்டபெட்டுப் பொண்ணு:

கடையில் எப்படிக் கிடைக்கும் அக்கா! அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள். எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, 19 படி. கம்பி போடச் சொல்லி அப்பாவிடம் ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.